போம்பெயியின் சிவப்புச் சுவர் முதலில் மஞ்சளாக இருந்ததா? நிறமிப் பகுப்பாய்வு எதைச் சொல்ல முடியும்?

1. கரிக்கோடு எழுதியது

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன போம்பெயி நகரத்து வீடொன்றின் உட்சுவரை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிய தாளில் வரைந்து வகுப்பறையில் மாட்ட எண்ணியிருக்கிறேன். சுவரின் பெரும்பரப்புக்குச் செந்நிறம் என்று முதலில் முடிவு செய்திருந்தேன், ஏனெனில் "போம்பெயிச் சிவப்பு" என்று ஒரு நிறத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இத்தாலிய தேசிய ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த செர்ஜியோ ஒமாரினி 2011இல் வெளியிட்ட முடிவுகளைப் பற்றிப் படித்த பிறகு என் கை தயங்குகிறது. இன்று பார்ப்பவர் கண்ணுக்கு 246 சுவர்கள் சிவப்பாகவும் 57 சுவர்கள் மஞ்சளாகவும் தெரிகின்றன என்றும், வெடிப்புக்கு முன்பு அவை 165 சிவப்பு, 138 மஞ்சள் என்று இருந்திருக்க வேண்டும் என்றும் அவர் கணக்கிட்டிருக்கிறார். அதாவது 81 சுவர்கள் எரிமலையின் சூட்டில் நிறம் மாறியவை.

என் கேள்வி இதுதான். சிவப்பாக நிற்கும் ஒரு சுவரைப் பார்த்து, "இது பிறப்பிலேயே சிவப்பு, இது மஞ்சளாக இருந்து சிவந்தது" என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? அதைக் காட்டும் கருவி ஏதேனும் உண்டா?

2. அலைநீளம் எழுதியது

கரிக்கோடு ஐயா, முதலில் வேதியியலைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சட்காவிக்கு நிறம் தருவது கோதைட் என்ற கனிமம். அது இரும்பும் ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும் சேர்ந்தது. செங்காவிக்கு நிறம் தருவது ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. கோதைட்டை ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அதனுள் கட்டுண்டிருக்கும் நீர் ஆவியாக வெளியேறிவிடும், மிஞ்சுவது ஹெமடைட். மஞ்சள் சிவப்பாவதற்கு இவ்வளவே போதும். வெசூவியஸிலிருந்து பாய்ந்துவந்த சாம்பலும் வாயுவும் கலந்த பெருக்குகள் இந்த அளவு சூட்டைச் சுவர்களில் பல இடங்களில் ஏற்றக்கூடியவையே.

கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். சுவரருகே கொண்டுசென்று, எதையும் சுரண்டாமல் அளக்கக்கூடிய எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது தனிமங்களை மட்டுமே சொல்லும். மஞ்சட்காவியின் முன் பிடித்தாலும் செங்காவியின் முன் பிடித்தாலும் "இரும்பு" என்றே விடை வரும். நம் கேள்விக்கு அது வாய் திறக்காது. போம்பெயியில் இன்னொரு இடரும் உண்டு. அங்கே சாந்தில் கலந்த மணல் பெரும்பாலும் எரிமலை மணல், அதிலேயே இரும்பு இருக்கிறது. எக்ஸ் கதிர் வண்ணப்படலத்தைத் துளைத்து அடியிலிருக்கும் சாந்தையும் தொட்டுவிடுவதால், காவியே பூசாத இடத்தில்கூட இரும்பின் குறி தோன்றும்.

எனவே தனிமத்தைக் கேட்பதில் பயனில்லை, படிக அமைப்பைக் கேட்க வேண்டும். படிகத்தில் பட்டு எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைப் படிக்கும் எக்ஸ் கதிர் விளிம்புவளைவும், லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும் விதத்தைப் படிக்கும் இராமன் நிறமாலையும் அதற்கு உதவும். இராமன் நிறமாலையில் கோதைட்டின் முதன்மைக் கோடு 385 முதல் 390 வரையிலான அலையெண்ணில் விழும். ஹெமடைட் 225, 292, 410 ஆகிய இடங்களில் கோடுகளைத் தரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

3. மணற்கடிகை எழுதியது

அலைநீளம் சொன்ன வேதியியலில் எனக்கு ஐயமில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் ஐயம். இன்றைய சுவரில் ஹெமடைட் இருக்கிறது என்று இராமன் கருவி சொல்லும், அது எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்லும்? மண்ணிலிருந்து சிவப்பாகவே தோண்டியெடுத்த காவியும் ஹெமடைட், எரிமலை சிவக்கவைத்த காவியும் ஹெமடைட். இவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. உரோமானியர்களே மஞ்சட்காவியைச் சுட்டுச் சிவப்பாக்கிப் பூசியிருந்தால் என்ன செய்வது? அப்போது சூடுபட்ட அடையாளம் கிடைத்தாலும், அந்தச் சூடு எரிமலையுடையதா, ஓவியரின் அடுப்பினுடையதா என்று சொல்ல முடியாதே. 81 என்ற எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் அடிப்படை இந்தக் கேள்விக்கு விடை சொல்வதாக இருக்க வேண்டும்.

4. பழஞ்சொல் எழுதியது

மணற்கடிகை எழுப்பிய மூன்றாவது வாய்ப்பு வெறும் ஊகமன்று, நூல்களில் சான்று உள்ளது. கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கட்டடம் தீப்பற்றி எரிந்தபோது அங்கிருந்த மஞ்சட்காவி பாதி வெந்து சிவந்திருந்ததைக் கைடியாஸ் என்ற ஓவியர் கவனித்தார் என்றும், சுட்ட காவி செய்யும் முறை அதிலிருந்தே பிறந்தது என்றும் குறிப்பிடுகிறார். அது போம்பெயி புதைவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய செய்தி. உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தமது நூலின் ஏழாம் பகுதியில், நல்ல மஞ்சட்காவிக் கட்டியைத் தீயில் செக்கச் சிவக்கக் காய்ச்சிப் புளித்த காடியில் தோய்த்தெடுக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே சுட்ட காவி உரோமானிய ஓவியரின் கையில் வழக்கமாக இருந்த சரக்கு. ஒரு பெருந்தீ கைடியாஸுக்குக் கற்றுக்கொடுத்த அதே மாற்றத்தை, நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் எரிமலை ஊர் முழுவதும் செய்துகாட்டியிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

5. வெண்சுதை எழுதியது

பழைய சுவரோவியங்களைப் பாதுகாக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மணற்கடிகையின் கேள்விக்கு விடை துகளில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஒரு துகளை மட்டும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அவர் சொல்லும் குழப்பம் கட்டாயம் வரும். சுவர் முழுவதையும் பார்த்தால் பெரும்பாலும் வராது.

ஓவியர் ஒரு நிறத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடத்தில் நூல் பிடித்துப் போட்ட கோடு இருக்கும், அல்லது சட்டகம், தூண், விளிம்புப் பட்டை என்று ஏதேனும் ஒன்று இருக்கும். சூட்டுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. சூடான சாம்பல் எங்கே குவிந்ததோ, வெடிப்பின் வழியே எங்கே நுழைந்ததோ அங்கே சிவக்கும். ஒரே பட்டையின் நடுவில் மஞ்சள் மேகம்போலக் கலைந்து சிவப்பாக மாறி, அந்த எல்லை வரைந்த உருவங்களையும் கோடுகளையும் பொருட்படுத்தாமல் ஊடறுத்துச் சென்றால், அது ஓவியர் செய்ததன்று. போம்பெயியிலும், அதே வெடிப்பில் புதைந்து அதைவிட மிகுதியாகச் சூடுபட்ட ஹெர்குலேனியம் என்ற நகரத்திலும் இத்தகைய சுவர்களைக் காணலாம். அவற்றை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கடினமானவை முழுப்பரப்பும் ஒரே சீராகச் சிவந்துபோன சுவர்கள். அவற்றுக்குத்தான் ஆய்வுக்கூடம் தேவை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாந்து நன்றாக இருப்பதைப் பார்த்து, "இந்தச் சுவர் சூடுபடவில்லை" என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஈரச் சாந்தின்மேல் பூசிய வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம் கார்பனேட். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அப்படி இறுகுகிறது. அது சிதைய வேண்டுமானால் 700 பாகைக்கும் மேல் வேண்டும். ஆகவே 300 பாகையில் மஞ்சள் முழுவதும் சிவந்துபோனாலும், அதைத் தாங்கிய சுண்ணாம்பில் ஒரு தடயமும் இராது.

6. அலைநீளம் எழுதியது

வெண்சுதை சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். சீராகச் சிவந்த சுவர்களுக்கு ஆய்வுக்கூடம் என்ன தர முடியும் என்பதைச் சேர்க்கிறேன். கோதைட்டிலிருந்து மிதமான சூட்டில் உருவான ஹெமடைட்டின் படிகம் ஒழுங்கு குறைந்தது. எக்ஸ் கதிர் விளிம்புவளைவுப் படத்தில் அதன் முகடுகளுள் சில கூர்மையாகவும் சில அகன்றும் தோன்றும். மண்ணிலேயே சிவப்பாகப் பிறந்து நன்கு படிகமான ஹெமடைட்டில் எல்லா முகடுகளும் பொதுவாகக் கூர்மையாக இருக்கும். மிக உயர்ந்த சூட்டில் நெடுநேரம் சுட்டால் இந்த ஒழுங்கின்மை மறைந்துவிடும். எனவே "இது மிதமாகச் சூடுபட்டது" என்பதை நாம் சொல்ல முடியும். அடுப்பா எரிமலையா என்பதற்கு வெண்சுதையின் கண்தான் வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, இதை மாணவர்களுக்கு நான் எப்போதும் முதல் நாளிலேயே சொல்வேன். இராமன் கருவி துகளின்மேல் லேசர் ஒளியைக் குவிக்கிறது. அதன் ஆற்றலை மிகையாக வைத்துவிட்டால், குவிந்த புள்ளியில் கோதைட் சூடாகி நம் கண்முன்னாலேயே ஹெமடைட்டாக மாறிவிடும். அதன் பிறகு பதிவாகும் நிறமாலை செங்காவி என்றே காட்டும். எரிமலை செய்ததை நாமே செய்துவிட்டு, பழியை எரிமலைமேல் போட்டுவிடுவோம். ஆற்றலைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி அளப்பதே நேர்மையான வழி. சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் இன்று இத்தாலியச் சுவர்களைப் படிக்கும் வழியாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதனாலேயே அதைத் தவறாகப் பயன்படுத்துவது கூடுதலாக உறுத்துகிறது.

7. கரிக்கோடு எழுதியது

மிக்க நன்றி. இப்போது எனக்கு வேறொரு ஐயம். "பிறப்பிலேயே சிவப்பு" என்று நிற்கும் 165 சுவர்களில் எல்லாமே செங்காவிதானா? சித்த மருந்துக் கடைகளில் சாதிலிங்கம் என்று சொல்கிறோமே, அந்தப் பாதரசச் சிவப்பையும் உரோமானியர் பயன்படுத்தினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

8. பழஞ்சொல் எழுதியது

பயன்படுத்தினார்கள், ஆனால் எல்லோராலும் முடியவில்லை. சாதிலிங்கம் இசுப்பானியாவிலிருந்து முத்திரையிட்டு உரோமாபுரிக்கு வந்தது. அதன் விலை ஓர் இராத்தலுக்கு 70 செஸ்டர்ஸ் என்ற உரோமானிய நாணயத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருந்ததாக உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இத்தகைய உயர்விலை வண்ணங்களை ஒப்பந்தக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை, வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும். நம் நாட்டிலிருந்து சென்ற இண்டிகம் என்ற அவுரி நீலமும் பிளினியின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓவியர்கள் சாதிலிங்கம் தோய்ந்த தூரிகையை அடிக்கடி நீரில் அலசி, அடியில் படியும் வண்டலைத் திருடிக்கொள்வார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கும் பூசுபவருக்கும் நடுவே நடந்த அந்தப் போராட்டத்தை ஒரே வரியில் அறிந்துகொள்ளலாம்.

விட்ருவியஸ் இரண்டு செய்திகளைத் தருகிறார், இரண்டுமே இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துபவை. முதலாவது, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஓர் இரும்புத் தகட்டில் சாதிலிங்கத்தை வைத்துத் தகடு சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும். வண்ணம் கருத்ததும் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆறியபின் பழைய நிறத்துக்குத் திரும்பினால் அது தூயது, கருப்பாகவே நின்றால் சுண்ணாம்பு கலந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிறமிப் பகுப்பாய்வு இது. இரண்டாவது, ஃபாபெரியஸ் என்ற எழுத்தரின் கதை. அவெந்தைன் குன்றிலிருந்த தம் வீட்டின் முற்றத்துச் சுவர்கள் அனைத்துக்கும் அவர் சாதிலிங்கம் பூசவைத்தார். முப்பது நாளில் அவை திட்டுத்திட்டாக அழுக்கு நிறம் கொண்டன. வெயிலும் நிலவொளியும் படும் இடத்தில் இந்த வண்ணம் கெட்டுவிடும் என்றும், மெழுகை எண்ணெயோடு உருக்கிப் பூசிச் சூடுகாட்டித் தேய்த்தால் காக்கலாம் என்றும் விட்ருவியஸ் விளக்குகிறார்.

9. அலைநீளம் எழுதியது

ஃபாபெரியஸின் சுவர் ஏன் கருத்தது என்பதை இந்த நூற்றாண்டில்தான் விரிவாகப் பார்க்க முடிந்தது. வெசூவியஸ் அடிவாரத்தில், தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரிலுள்ள சோரா மாளிகையின் சாதிலிங்கச் சுவர்த்துண்டுகள், அகழ்ந்தெடுத்த சில ஆண்டுகளிலேயே கருக்கத் தொடங்கின. அவற்றைப் பிரான்ஸின் கிரெனோபிளிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையத்தில் மிக நுண்ணிய எக்ஸ் கதிர்க் கற்றையால் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாதிலிங்கம் அதே வேதியியல் கூட்டுடைய கரும்படிகமாக மாறுவதால்தான் கருக்கிறது என்பது அதுவரை பலர் சொல்லிவந்த விளக்கம். கருத்த படலத்தில் அந்தக் கரும்படிகம் அகப்படவில்லை. மாறாக, பாதரசமும் குளோரினும் சேர்ந்த சேர்மங்களும், சுண்ணாம்பு ஜிப்சமாக மாறிய மேற்படலமும் கிடைத்தன. கடற்காற்றும் மாசடைந்த நகரக் காற்றும் இதில் பங்குபெறுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேள்விக்கு நேர்விடை: பாதரசத்தைத் தனிமக் கருவியே உடனே காட்டிவிடும், எனவே சாதிலிங்கத்தை அடையாளம் காண்பது எளிது. ஆனால் விலை காரணமாக அடியில் மஞ்சட்காவி பூசி, அதன்மேல் மெல்லிய படலமாகச் சாதிலிங்கம் தீட்டுவதும் உண்டு. அப்போது பாதரசமும் இரும்பும் சேர்ந்தே வரும். கலந்து பூசினார்களா, அடுக்காகப் பூசினார்களா என்பதை அறிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே மெருகிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

10. மணற்கடிகை எழுதியது

பழஞ்சொல் குறிப்பிட்ட மெழுகைப் பற்றி ஒரு கேள்வி. சுவரில் மெழுகு கிடைத்தால் விட்ருவியஸ் சொன்னது மெய்ப்பட்டது என்று கொள்ளலாமா?

11. வெண்சுதை எழுதியது

கூடாது. இந்தச் சுவர்களின் துன்பமான வரலாறே அதில்தான் அடங்கியிருக்கிறது. ஹெர்குலேனியத்தில் அகழ்வு தொடங்கிய காலத்திலேயே, 1739 அளவில், ஸ்டெஃபானோ மொரிகோனி என்ற பீரங்கிப் படை அதிகாரி தாம் உருவாக்கிய வார்னிஷ் ஒன்றை ஓவியங்கள்மேல் பூசத் தொடங்கினார். மங்கிய நிறங்கள் அப்போதைக்குப் பளிச்சிட்டன. காலப்போக்கில் அந்தப் பூச்சு பழுத்து மஞ்சளாகி, சுருங்கி, வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. அதன் பின்னர் வந்தவர்கள் மெழுகு பூசினார்கள். போம்பெயியில் 1909இல் கண்டெடுத்த மர்ம மாளிகையின் புகழ்பெற்ற செஞ்சுவர்களும் மெழுகுப் பூச்சுக்குத் தப்பவில்லை. ஆகவே இன்று ஒரு துணுக்கில் மெழுகு தென்பட்டால், அது உரோமானியருடையது என்பதைவிட, பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடு பூசிய ஒருவருடையது என்பதற்கே வாய்ப்பு அதிகம். மெழுகைக் கண்டு, "உரோமானியர் சுவர் முழுவதையும் மெழுகு வண்ணத்தால் தீட்டினர்" என்று எழுதிய பழைய கட்டுரைகளை நான் இந்தக் காரணத்தால் ஏற்பதில்லை. பாதுகாப்புப் பணி செய்பவர்கள் தாம் பூசியதை எழுதிவைக்காமல் போவது, பின்னால் வரும் வேதியியலாளரின் வாயில் பொய்யை வைப்பதற்குச் சமம்.

12. கரிக்கோடு எழுதியது

என் படத்தில் நீலப் பட்டை ஒன்றும் உண்டு. அதுவும் சூட்டில் மாறியிருக்குமா?

13. அலைநீளம் எழுதியது

மாறாது. அது எகிப்திய நீலம். அதைச் செய்வதற்கே 850 முதல் 1000 பாகை வரை உலைச்சூடு வேண்டும், ஆகவே 300 பாகை அதற்கு ஒரு பொருட்டன்று. மணல், செம்பு, சுண்ணாம்பு, சிறிது காரவுப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுச் செய்யும் கால்சியம் செம்புச் சிலிக்கேட் அது. போம்பெயிக்கு அருகிலுள்ள பொட்சுவோலியில் வெஸ்டோரியஸ் என்பவர் அதைச் செய்ததாக விட்ருவியஸ் எழுதுகிறார். செய்முறையில் அவர் சுண்ணாம்பைக் குறிப்பிடவில்லை, கடற்கரை மணலிலிருந்த சிப்பித்தூளே அந்தக் குறையை நிறைத்திருக்கலாம். ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1815இல் உரோமாபுரியின் பழைய சுவர் வண்ணங்களை ஆராய்ந்து, இந்த நீலத்தில் செம்பு இருப்பதைக் காட்டினார். பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கே 1889இல் அதன் படிகக் கூட்டைத் தெளிவாக்கினார்.

அதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 910 நானோமீட்டர் அளவில், வலிமையாக ஒளிர்கிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை நீக்கிய டிஜிட்டல் கேமராவின் முன் அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்திப் படமெடுத்தால், சுவர் முழுவதும் இருண்டு கிடக்க, எகிப்திய நீலத்தின் ஒவ்வொரு துகளும் வெண்புள்ளியாக மின்னும். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஜொவான்னி வெர்ரி 2009இல் இம்முறையை விளக்கினார். கண்ணுக்கு அழிந்துபோன நீல ஆடையின் மடிப்புகூட இதில் திரும்பத் தெரியும்.

14. வெண்சுதை எழுதியது

கரிக்கோடு ஐயா, இதுவே உங்கள் படத்துக்கு அளவுகோல். சுண்ணாம்பு வெள்ளை மாறாது. எகிப்திய நீலம் மாறாது. கரிக்கருப்பும் அந்த அளவு சூட்டில், சாம்பலுக்குள் புதைந்த நிலையில், பெரிதும் மாறாது. மஞ்சள் மட்டுமே மாறும். போம்பெயியில் ஓவியர்கள் வேலைசெய்துகொண்டிருந்த வீடு என்று அழைக்கப்படும் வீட்டில், வெடிப்பு நாளன்று பாதியில் விட்டுப்போன சுவரும், வண்ணக் கிண்ணங்களும், கவராயமும் கிடைத்தன. சுவரேறாத வண்ணம் கிண்ணத்திலேயே இருப்பதால், ஓவியர் எதை எடுத்தார் என்பதற்கு அதைவிட நேரான சான்று அரிது. நீங்கள் வரையும் சுவரை மஞ்சளாகவே தொடங்குங்கள். இன்னொன்று, பிள்ளைகளோடு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரும்பு ஆக்சைடு மஞ்சள் என்று தெளிவாக எழுதியிருக்கும் தூளையே வாங்குங்கள். கடையில் வெறுமனே மஞ்சள் என்று விற்கும் தூளில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும், அதைச் சூடாக்கக் கூடாது. அடுப்பருகே நீங்கள் மட்டும் நில்லுங்கள்.

15. கரிக்கோடு எழுதியது

நேற்று செய்துபார்த்தோம். பழைய கூரையோடு ஒன்றின்மேல் சுண்ணாம்பு பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மஞ்சட்காவியைத் தீட்டி, அதன் குறுக்கே சுண்ணாம்பினால் ஒரு வெள்ளைக் கோடும் இழுத்து, நான்கு நாள் காயவிட்டிருந்தோம். பிறகு ஓட்டின் ஒரு மூலையை மட்டும் அடுப்புத் தீயின்மேல் பிடித்தேன். சில நிமிடங்களில் அந்த மூலை செங்கல் நிறமாகி, சிவப்பு மெல்ல உள்நோக்கி ஊர்ந்தது. எல்லை நேராக இல்லை, ஓடு எங்கே மெலிந்திருந்ததோ அங்கே நாக்குபோல நீண்டது. ஆறிய பிறகும் மஞ்சள் திரும்பவில்லை. வெள்ளைக் கோடு மட்டும் மஞ்சளின் மேலும் சிவப்பின் மேலும் ஒரே மாதிரியாக, நாங்கள் இழுத்தபடியே இருந்தது. "அப்படியானால் சார், கோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே சுவர் என்று தெரிந்துவிடுகிறதே" என்றாள் ஒரு மாணவி. படத்தை இரண்டு தாள்களாக வரைகிறோம். முதலாவதில் சுவர் முழுவதும் மஞ்சள். இரண்டாவதில் அதே சுவர், அதே வெள்ளைக் கோடுகள், அதே நீலப் பட்டை, வலப்பக்கத்திலிருந்து உள்ளே ஊரும் சிவப்பு.